செட்டிநாட்டில் கையைக் கடிக்காமல் ஒரு கல்யாண வரவேற்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் அப்பா வாடகைப் பாத்திரக்கடை வைத்திருந்தார். அண்டா, குண்டான், தேக்சா, கரண்டி, பந்தி மேசை, ஜமுக்காளம் எல்லாம் எங்களிடமிருந்துதான் போகும். விசேஷம் முடிந்த மறுநாள் அவை திரும்பி வரும்போது எது மிஞ்சியது, எது பத்தாமல் போனது, யார் வீட்டில் ஆள் கணக்குத் தப்பியது என்பதைப் பாத்திரமே சொல்லிவிடும். கடையை இப்போது மூடிவிட்டோம். ஆனாலும் சொந்தத்தில், தெருவில் கல்யாணம் என்றால் செலவுச் சிட்டை எழுத என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

மொத்தமே இரண்டு லட்சம்தான் இருக்கிறது அண்ணே. இதில் வரவேற்பு வைக்க முடியுமா?

முடியும். ஆனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள்: இரண்டு லட்சத்தில் எத்தனை இலை போடலாம்?

வரவேற்புச் செலவில் முக்கால்வாசி ஆள் கணக்கோடு சேர்ந்து ஏறும். சாப்பாடு, தண்ணீர், தாம்பூலம், பத்திரிகை, நாற்காலி, பரிமாறும் ஆட்கள் எல்லாம் அப்படித்தான். மண்டபத்தின் அளவுகூட அதைப் பொறுத்ததுதான். கணக்கு வசதிக்காக ஓர் இலைக்கு மளிகை, காய்கறி, கூலி, கேஸ், தண்ணீர் சேர்த்து 220 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 400 இலைக்கு 88,000 ரூபாய். எதிர்பாராமல் ஐம்பது பேர் கூடினால் இன்னும் 11,000. மேடை அலங்காரத்தில் பூக்காரரிடம் ஒரு மணி நேரம் பேரம் பேசி மிச்சம் பிடித்தது இந்த ஐம்பது இலையில் போய்விடும்.

அதனால் நான் சிட்டை எழுத உட்கார்ந்தால் முதல் பக்கத்தில் ரூபாய் எழுதமாட்டேன். பெயர்கள்தான் எழுதுவேன்.

சரி, எத்தனை பேர் வருவார்கள் என்று எப்படித் தெரியும்?

பத்திரிகை எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போட்டால் கட்டாயம் தப்பும். ஒரு பத்திரிகைக்கு ஒருத்தரும் வரலாம், வேன் பிடித்து ஒன்பது பேரும் வரலாம். பெயர்களை மூன்று வரிசையாகப் பிரித்து எழுதுங்கள். குடும்பத்தோடு வருகிறவர்கள் ஒரு வரிசை. பங்காளி, மாமன் மச்சான், பக்கத்து வீடு எல்லாம் இதில் வரும். இவர்களுக்கு உண்மையான தலைக்கணக்கு எழுத வேண்டும், குழந்தைகள் உட்பட. வீட்டுக்கு ஓர் ஆள் வருகிறவர்கள் அடுத்த வரிசை. ஊர்க்காரர்கள், வேலை பார்க்கும் இடத்துப் பழக்கம், அப்பாவின் சிநேகிதர்கள் இதில் சேர்வார்கள். மூன்றாவது, வராமல் மொய்யை மட்டும் போனில் அனுப்பிவிடுகிறவர்கள். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற சொந்தம் பெரும்பாலும் இந்த வரிசைதான். அவர்களுக்கும் அழைப்பு உண்டு, இலை கிடையாது.

அப்புறம் அதே நாளில் ஊரில் வேறு எத்தனை கல்யாணம் என்று விசாரியுங்கள். நல்ல முகூர்த்த நாளில் ஓர் ஆளுக்கு நான்கு பத்திரிகை இருக்கும். மூன்றில் தலையைக் காட்டி ஒன்றில்தான் சாப்பிடுவார். அந்த ஒன்று பெரும்பாலும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற மண்டபம்!

எப்படிப் போட்டாலும் கொஞ்சம் முன்பின் ஆகும். பழைய சமையல்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். எதிர்பார்க்கிற எண்ணிக்கைக்கு மட்டும் சமைத்துவிட்டு, ஐந்து கிலோ ரவையும் நறுக்கிய காயும் ஓர் அடுப்பில் கொதிக்கும் தண்ணீரும் தயாராக வைத்திருப்பார்கள். கூட்டம் எகிறினால் அரை மணிக்குள் கிச்சடி இறங்கிவிடும். எகிறாவிட்டால் ரவை மூட்டையாகவே கடைக்குத் திரும்பும். ஐம்பது பேருக்குக் கூடுதலாகச் சமைத்துக் கொட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

மண்டபம் பிடிக்கலாமா, பெரிய வீட்டில் வைக்கலாமா?

இந்தக் கேள்வி நம் பக்கத்துக்கே உரியது. வேறு ஊரில் வீட்டில் நானூறு பேருக்குப் பந்தி போடலாம் என்று சொன்னால் சிரிப்பார்கள். இங்கே கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம், தேவகோட்டை என்று எங்கே போனாலும் கல்யாணத்துக்கென்றே கட்டிய மாதிரி வீடுகள் நிற்கின்றன. மாதிரி என்ன, அதற்கும் சேர்த்தேதான் கட்டினார்கள். முகப்பில் வரவேற்பு, வளவு என்கிற திறந்த நடுமுற்றத்தைச் சுற்றிய பத்தியில் உட்காருகிறவர்கள், இரண்டாம் கட்டில் பந்தி, கடைசிக் கட்டில் சமையல். பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். விருந்தாளிகள் முன்வாசல் வழியாக வர, காய்கறி வண்டி பின்வாசலுக்கு வந்துவிடும். எந்த மண்டபத்திலும் இந்த வசதி கிடையாது.

உங்கள் வீடாகவோ, தெரிந்தவர்கள் வீடாகவோ இருந்தால் வாடகை மிச்சம். மேடை அலங்காரமும் பாதிக்குப் பாதி மிச்சம். பர்மா தேக்குத் தூணும் ஆத்தங்குடித் தரைக்கல்லும் இருக்கிற இடத்தில் தெர்மோகோல் வளைவு எதற்கு?

ஆனால் நான்கு விஷயத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதலில் சம்மதம். அந்த வீடுகள் அநேகமாகப் பல பங்காளிகளுக்குப் பொதுவானவை. ஒரு பங்காளி சாவி கொடுத்தார் என்று பந்தல்கால் நட்டுவிட்டு, இன்னொரு பங்காளி கோயம்புத்தூரிலிருந்து போன் போட்டுச் சத்தம் போட்ட கதை எனக்குத் தெரியும். எல்லோரிடமும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். பூட்டிய அறைகளைப் பூட்டியபடியே விட்டுவிடுங்கள்.

அடுத்து கழிப்பறை. இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அறை முப்பது இருக்கும், கழிப்பறை பின்கட்டில் இரண்டுதான் இருக்கும். என் தங்கை வரவேற்பை இப்படி ஒரு வீட்டில்தான் வைத்தோம். ஏழரை மணிக்கெல்லாம் தண்ணீர்த் தொட்டி காலி. பட்டுப்புடவையோடு பெண்கள் பின்கட்டில் வரிசையில் நின்றது இன்றைக்கும் வீட்டில் பேச்சு. தண்ணீர் லாரி ஒன்றுக்கும் வாடகைக் கழிப்பறைக்கும் தனியே பணம் ஒதுக்குங்கள். ஒதுக்கிய பிறகும் மண்டபத்தைவிடக் குறைவாக வருகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது மழை. வளவு திறந்த வெளி. மழைநீர் உள்ளே விழ வேண்டும் என்றுதான் அப்படிக் கட்டியிருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வைத்தால் மேலே தகரப் பந்தலோ தார்ப்பாயோ போட்டே ஆக வேண்டும். அந்தச் செலவைத் தொடக்கத்திலேயே எழுதுங்கள்.

கடைசியாகச் சேதம். முட்டை வெள்ளைக் கருவைச் சேர்த்துப் பூசி மெருகேற்றிய சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, ஒட்டும் டேப்பும் ஒட்டக் கூடாது. உரித்தால் பூச்சு கையோடு வரும். அதைச் சரிசெய்யும் கொத்தனாரைத் தேடி அலைவதற்கு மண்டப வாடகையே கொடுத்துவிடலாம். அலங்காரம் செய்கிறவர்களிடம் தூணில் கயிற்றால் மட்டும் கட்டச் சொல்லுங்கள். ஆத்தங்குடிக் கல்லின் மேல் சமையல் வேண்டாம். எண்ணெயும் மஞ்சளும் இறங்கினால் கறை போகாது.

இந்த நான்கும் ஒத்துவராவிட்டால் வருத்தப்படாமல் சின்ன மண்டபமாகப் பிடியுங்கள். வாடகைக்கு விடுகிற பெரிய வீடுகளும் உண்டு. ஆனால் பார்க்க வருகிறவர்களுக்காக அழகாக்கி வைத்திருக்கும் வீடுகளின் வாடகை, சிக்கனம் என்ற பேச்சுக்கே இடம் தராது.

மண்டபத்தில் வாடகை பேசும்போது என்ன கேட்க வேண்டும்?

வாடகையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேளுங்கள். கரண்ட் யூனிட் கணக்கா, மொத்தமா? ஜெனரேட்டருக்கு டீசல் யார் போடுவது? துப்புரவுக் கூலி, கேஸ் சிலிண்டர், ஏசி எத்தனை மணி நேரம்? 18 சதவீத ஜிஎஸ்டி சொன்ன தொகைக்குள்ளேயா வெளியேயா? வெளிச் சமையல்காரரை விடுவார்களா, அவர்கள் ஆளைத்தான் வைக்க வேண்டுமா? எத்தனை மணிக்குச் சாவி தருவார்கள், எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும்?

எங்கள் சித்தப்பா மகன் வரவேற்புக்கு ஒரு மண்டபத்தில் பேசிய வாடகையைக் கேட்டு எல்லோரும் சந்தோஷப்பட்டோம். கடைசி பில்லில் வாடகைக்குச் சமமாக ‘இதர செலவு’ என்று ஒரு வரி இருந்தது. அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. மீட்டர் ரீடிங்கை உள்ளே போகும்போதே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நாளில் வைத்தால் செலவு குறையும்?

தாலி கட்டத்தான் முகூர்த்தம் வேண்டும், வரவேற்புக்கு வேண்டாம். இதை மனதில் வாங்கிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கல்யாணத்தைக் குன்றக்குடியிலோ பிள்ளையார்பட்டியிலோ கோவிலில் நெருங்கிய சொந்தத்தோடு முடித்துவிட்டு, வரவேற்பை முகூர்த்தம் இல்லாத ஒரு நாளில் வைக்கலாம். அப்படிப்பட்ட நாளில் மண்டபக்காரர், சமையல்காரர், பந்தல்காரர், போட்டோக்காரர் நான்கு பேரும் பேரத்துக்கு இறங்கி வருவார்கள். பூ விலையும் இறங்கியிருக்கும். முகூர்த்த நாளில் மதுரைச் சந்தையில் மல்லிகை என்ன விலைக்குப் போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தை மாதத்தில் இரட்டை அடி: பனியில் மல்லி வரத்தே குறைவு, அதோடு முகூர்த்தமும் நெருக்கம்.

ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் சும்மா கிடக்கும்தான். ஆனால் பெரியவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் வம்பு வேண்டாம். தேய்பிறை முகூர்த்தமும் நல்ல முகூர்த்தம்தான், கேட்பவர்கள் குறைவு. அதைக் கேட்டுப் பாருங்கள்.

நம் பக்கத்தில் இன்னும் இரண்டு பார்க்க வேண்டும். ஊர் அம்மன் கோவிலில் காப்புக் கட்டியிருக்கிறதா என்பது ஒன்று. கட்டிவிட்டால் அந்த ஊர்க்காரர்கள் வரத் தயங்குவார்கள். தைப்பூசத்துக்கு முந்தைய பத்து நாள் இன்னொன்று. குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிற கூட்டத்தில் உங்கள் சொந்தத்திலும் கொஞ்சம் பேர் இருப்பார்கள், சமையல்காரரும் இருக்கலாம்.

சாப்பாட்டில் எதைப் போடுவது, எதை விடுவது?

இங்கேதான் எங்கள் கடைப் பாத்திரங்கள் சொன்ன பாடம். ரசக் குண்டானும் மோர்க் குண்டானும் எப்போதும் வழித்துத் துடைத்தபடி வரும். இட்லித் தட்டு, சாம்பார் அண்டா அப்படியே. கோபி மஞ்சூரியன், பன்னீர்க் கிரேவி, நூடுல்ஸ் போன பாத்திரங்களில் அடியில் ஒரு சாண் மிஞ்சியிருக்கும். இரண்டாவது இனிப்பு எந்த வீட்டிலும் முழுதாகத் தீர்ந்து நான் பார்த்ததில்லை. வருகிறவர்கள் இலையில் இருபது வகையை எண்ணிப் பார்ப்பார்கள், சாப்பிடுவது ஏழோ எட்டோதான்.

ஆகவே வகையைக் குறையுங்கள், ருசியைக் குறைக்காதீர்கள். நான் எழுதித் தருகிற மாலைப் பட்டியல் பெரும்பாலும் இப்படி இருக்கும்: கவுனி அரிசி (கருப்பரிசி இனிப்பு), இடியாப்பம், இட்லி, கோசமல்லி, தேங்காய்ச் சட்னி, காரச் சட்னி, ஒரு வடை, ஒரு கலந்த சாதம், வாழைக்காய் வறுவல், தயிர்சாதம், ஊறுகாய், கடைசியில் ஒரு பழம். பன்னிரண்டுதான். யாரும் குறை சொன்னதில்லை.

கவுனி அரிசி கிலோ விலையைக் கேட்டதும் பலர் பின்வாங்குகிறார்கள். அது கொஞ்சமாக வைக்கிற பண்டம். ஒரு கிலோவை முதல்நாள் இரவே ஊறவைத்து வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் சேர்த்தால் முப்பது இலைக்குத் தாராளமாக வரும். ஓர் ஆளுக்கு ஆகிற செலவைக் கடை ஜாங்கிரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெளியூர்க்காரர்கள் ஊருக்குப் போயும் அதைத்தான் பேசுவார்கள். கோசமல்லியும் அப்படித்தான். கத்தரிக்காயை வேகவைத்து மசித்துப் புளி கரைத்து ஊற்றினால் குறைந்த காசில் ஓர் அண்டா நிறையும், இடியாப்பத்துக்கு அதைவிடப் பொருத்தமாக எதுவும் இல்லை.

வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், சீயம் ஆகியவற்றில் கவனமாக இருங்கள். சாமான் விலை குறைவுதான், ஆனால் எல்லாம் எண்ணெய்ச் சட்டியில் ஒவ்வொன்றாக ஊற்றி எடுக்க வேண்டியவை. பந்திக்கு நூறு பேர் உட்கார்ந்தால் ஒரு சட்டியால் சமாளிக்க முடியாது. மூன்று சட்டி, மூன்று கைதேர்ந்த ஆட்கள், அதற்கேற்ற கூலி. முன்னாலேயே சுட்டு அடுக்கினால் வெள்ளைப் பணியாரம் தொய்ந்து போகும். வேண்டுமென்றால் மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும் சுடச்சுட ஊற்றிக் கொடுங்கள். கும்மாயம் என்கிற இனிப்பும் அதே கதை. நெய்யும் கருப்பட்டியும் ஒரு பக்கம், நிறுத்தாமல் கிண்டுகிற கை ஒரு பக்கம்.

அளவு கேட்பவர்களுக்கு: நூறு பேர் மதியச் சாப்பாட்டுக்கு 10 முதல் 12 கிலோ அரிசி போடுவார்கள். இரவில் டிபனோடு வரும் சாதத்துக்கு அதில் பாதியே அதிகம். சமையல்காரர் பட்டியலில் மதியக் கணக்கை இரவுக்கும் எழுதியிருந்தால் மெதுவாக, மரியாதையாக, கேளுங்கள்.

பிரியாணி போட்டால் சிக்கனமா?

நகரத்தார் வீட்டுக் கல்யாணம் என்றால் சைவம்தான், பேச்சே இல்லை. மற்றவர்களுக்கு: கோழி பிரியாணி, தயிர்ப்பச்சடி, முட்டை, ஒரு கத்தரிக்காய்க் கூட்டு என்று அதோடு நிறுத்தினால் பன்னிரண்டு வகைச் சைவ இலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆட்டுக்கறி என்று வாயெடுத்தால் கதை வேறு. அசைவத்தில் ஒரு சிக்கலும் உண்டு. சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனி அடுப்பு, தனிப் பந்தி, தனி ஆள் வேண்டும். ஐம்பது பேருக்காக ஒரு முழுச் சமையலை இரண்டாவது முறை செய்வதாகிவிடும்.

பந்தியா, பஃபேயா?

பந்திதான். பஃபேயில் பரிமாறும் கூலி மிச்சம் என்கிறார்கள். ஆனால் தானே எடுத்துக்கொள்கிற கை எப்போதும் கூடுதலாகத்தான் எடுக்கும். ஆயாவும் அப்பத்தாவும் தட்டை ஏந்திக்கொண்டு நிற்பதைப் பார்க்கவும் எனக்குப் பிடிக்காது. இலையில் மட்டும் ஒன்று செய்யலாம். சாப்பாட்டுக்கு நுனியிலை, டிபனுக்கு ஏடு (நுனி இல்லாத இலைத் துண்டு). விலையில் நல்ல வித்தியாசம் இருக்கும். இரவு வரவேற்புக்குப் பெரிய ஏடே போதும்.

மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. எவர்சில்வர் டம்ளரை வாடகைக்கு எடுங்கள். தண்ணீருக்குச் சின்ன பாட்டில் வேண்டாம், பாதி குடித்துவிட்டு வைத்துப் போவார்கள். 400 பேருக்கு 20 லிட்டர் கேன் பன்னிரண்டு வாங்கினால் தீர்ந்தது.

சமையலை மொத்தமாக ஒப்பந்தம் விடுவதா, சாமான் நாமே வாங்கிக் கொடுப்பதா?

வீட்டில் நம்பிக்கையான ஓர் ஆள் மூன்று நாள் ஒதுக்க முடியுமானால் சாமானை நீங்களே வாங்குங்கள். காய்கறியைச் சந்தையில் எடுக்கலாம், மளிகையை மொத்தக் கடையில் வாங்கலாம். கடைக்காரரிடம் ஒரே ஒரு நிபந்தனை: பிரிக்காத மூட்டை, பாக்கெட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். சாமான் அறைக்குப் பூட்டுப் போட்டு, சாவியை அத்தையிடமோ பெரியம்மாவிடமோ கொடுங்கள். எண்ணெய் டின்னை எண்ணி எடுத்துக் கொடுப்பதில் அவர்களுக்கு ஈடு யாரும் இல்லை.

அப்படி ஆள் கிடைக்காது என்றால் இலைக் கணக்கில் ஒப்பந்தம் பேசுங்கள். ‘எத்தனை இலை விழுந்தது’ என்பதை எண்ணுவது உங்கள் ஆளாக இருக்கட்டும். சாப்பிட்ட இலையை எண்ணுவதைவிடச் சுலபமான வழி, வாங்கிய இலையில் மிஞ்சியதைக் கழிப்பது.

தாம்பூலப் பையில் என்ன வைக்கலாம்?

தேங்காய் வேண்டாம். கனம், விலை, பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தொல்லை. மஞ்சப்பையில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு சின்னப் பொட்டலம் தேன்குழலோ சீப்புச் சீடையோ போதும். பலகாரத்தை வீட்டிலேயே ஒரு வாரம் முன்பு சுட்டுவிடலாம், கெடாது. அக்கம்பக்கத்து ஆச்சிகள் கூடி உட்கார்ந்து சுடும் அந்த இரண்டு நாள்தான் எனக்குக் கல்யாணத்திலேயே பிடித்த நாள்கள்.

ஓலைக் கொட்டானில், அதாவது பனையோலையில் பின்னிய சின்னக் கூடையில், கொடுக்க ஆசை என்றால், புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்க் கைவேலை, தாராளமாகக் கொடுங்கள். ஆனால் நானூறு பேருக்குக் கொடுத்தால் பட்ஜெட் தாங்காது. சம்பந்தி வீட்டுக்கும் நெருங்கிய முப்பது பேருக்கும் மட்டும் வையுங்கள்.

மேடை, பூ, போட்டோ?

வாசலில் இரண்டு வாழைமரம், குருத்தோலைத் தோரணம், மாவிலை. மேடைக்குப் பின்னால் ஒரே நிறத் துணி, செவ்வந்திச் சரம், நல்ல வெளிச்சம். போட்டோவுக்கு வெளிச்சம்தான் வேண்டும். மல்லிகையைத் தலைக்கு மட்டும் வாங்குங்கள், தூணுக்கு வேண்டாம்.

போட்டோக்காரர் ஒருவர், வீடியோ ஒருவர். டிரோன் வேண்டாம், அது படம் பிடிப்பது பந்தலின் கூரையை.

புடவைக்கு?

முகூர்த்தப் பட்டு ஏற்கெனவே இருக்கும். வரவேற்புக்கு ஒரு தடவை கட்டிவிட்டுப் பீரோவில் வைக்கிற லெஹங்காவுக்குக் கொட்டிக்கொடுப்பதை நான் தடுக்க முடியாது, சொல்லிப் பார்த்திருக்கிறேன். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கியை வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி எடுத்துக் கட்டினால் பார்க்க அழகு. பருத்தி, பிறகும் கட்டலாம்.

எப்படியும் மொய் வரும். கடன் வாங்கி நடத்திவிட்டு மொய்யில் அடைத்துவிடலாமே?

இதற்கு மட்டும் கறாராகச் சொல்கிறேன்: கூடாது.

மொய் வருமானம் இல்லை, திருப்பிச் செய்ய வேண்டிய கடன். 501 வைத்தவர் வீட்டு விசேஷத்தில் நீங்கள் அதற்குக் குறையாமல் வைக்க வேண்டும். நோட்டில் எழுதுவதே அதற்காகத்தான். பக்கத்தில் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அது வெளிப்படையாகவே ஒரு முதலீட்டு முறை. வாங்கியவர் பின்னால் கூட்டித் திருப்பிச் செய்தாக வேண்டும். நம் கல்யாண மொய் அவ்வளவு கறாரானதில்லை, ஆனால் உள்ளே இருக்கிற கணக்கு அதே கணக்குதான்.

இன்னொன்று, உங்கள் வீட்டில் பல வருடமாக யாருக்கும் மொய் செய்யாமல் இருந்திருந்தால் இப்போது வரப்போவதும் குறைவு. அப்பா எழுதி வைத்த பழைய மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள், ஓரளவு தெரிந்துவிடும். வருகிற தொகையைச் சிட்டையில் வரவாக எழுதாதீர்கள். வந்தால் தனியாக வையுங்கள். அடுத்த மூன்று வருடத்துக்கு நீங்கள் செய்ய வேண்டிய மொய்க்கு அதுவே முதல்.

மொய் எழுத இரண்டு பேரை உட்கார வையுங்கள், ஒருவர் எழுத, ஒருவர் பணம் வாங்க. போனில் வந்ததையும் அன்றிரவே நோட்டில் ஏற்றிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து யார் எந்தப் பெயரில் அனுப்பினார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

அரசு உதவி ஏதாவது உண்டா?

படித்த ஏழைப் பெண்களுக்குத் தாலிக்குத் தங்கம் தந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டம் 2022இல் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமாக மாறிவிட்டது. கலப்பு மணம், கைம்பெண் மறுமணம் போன்றவற்றுக்குத் தனித் திட்டங்கள் இருக்கின்றன, சமூகநலத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். திருமணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அழைத்தாலும் ஐம்பது பத்திரிகையாவது அச்சடிப்பது நல்லது: பெரியவர்களுக்கு நேரில் வைக்க, சாமி முன் வைக்க, பதிவு அலுவலகத்தில் ஆதாரமாகக் கொடுக்க.

சொந்தக்காரர்கள் கஞ்சத்தனம் என்று பேச மாட்டார்களா?

பேசுவார்கள். தடபுடலாகச் செய்தாலும் ‘இதெல்லாம் தேவையா’ என்று பேசுவார்கள். நான் பார்த்தவரை கோபம் வருவது மூன்றே காரணத்தால்: முறையாக அழைக்கவில்லை, வந்ததும் ‘வாங்க’ என்று கேட்க வாசலில் ஆள் இல்லை, பந்தியில் இடம் கிடைக்காமல் நிற்க வைத்தார்கள். மூன்றுக்கும் காசு வேண்டாம். கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய கிராமத்துச் சொந்தத்தை ஆறரை மணிக்கே முதல் பந்தியில் உட்கார வைத்துவிடுங்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு வரும்வரை அவர்களைக் காக்க வைக்காதீர்கள்.

மறுநாள் காலையில் கவனிக்க வேண்டியது?

மிஞ்சிய சாப்பாட்டை இரவே கொடுத்து முடித்திருக்க வேண்டும், தேங்காய்ச் சட்னியைத் தவிர, அதைக் கொட்டிவிடுங்கள். காலையில் கூலி பாக்கிகளைத் தீர்த்துக் கையெழுத்து வாங்குங்கள்.

அப்புறம் பாத்திரம். எடுத்தபோது எழுதிய பட்டியலை வைத்து நீங்களே எண்ணி ஏற்றுங்கள். கடைக்குப் போய் எண்ணினால் குறைவதற்கெல்லாம் உங்கள் முன்பணத்தில் கை வைப்பார்கள், நாங்களும் அப்படித்தான் செய்தோம். அண்டாவும் குண்டானும் குறையாது. குறைவது எப்போதும் கரண்டியும் டம்ளரும். காணவில்லை என்று காசைக் கொடுத்துவிடாமல், எச்சில் இலை கொட்டிய இடத்தில் ஒரு கம்பை விட்டுக் கிளறிப் பாருங்கள். எங்கள் கடைக்கரண்டிகளில் பாதி ஒரு தடவையாவது அங்கிருந்து எழுந்து வந்தவைதான்.